பதினேழு சீட்டு

ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சீட்டுகளையெல்லாம் ஒரு பழைய கணினி காத்து வந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, தினமும் அவற்றைப் பிரதி எடுத்து வைக்க ஒரு பெட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள்.

நேற்றுத்தான் பெட்டிக்குப் புது மென்பொருள் போட்டார்கள். இன்று அரைமணி வேலை மூன்று மணி நேரமாகியும் முடியவில்லை. இரண்டு மணிக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள்.

"எல்லாம் இந்தச் சோம்பேறிக் கேபிளால்தான்!" என்றது பெட்டி.

"நேத்து அரைமணியில முடிச்சப்பவும் ஓடினவன் நான்தானே?" என்றது கேபிள்.

கணினி குறுக்கே வந்து பெட்டியைக் கேட்டது. "தம்பி, காலையில பொறந்த குழந்தையோட ரத்தப் பரிசோதனை என்கிட்ட மட்டும்தான் இருக்கு. கரண்ட் வந்து நான் கண் திறக்கலேன்னா? கடவுளே! இப்ப யாரோடதை எடுக்கறே?"

பெட்டி தயங்கியது. "ஆறு வருஷத்துக்கு முந்தி வந்தவங்களோடது, அக்கா. புது மென்பொருள் போட்டதுல எதுவரைக்கும் எடுத்தேன்னு மறந்துபோச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் முதல்லேர்ந்து..."

"நேத்துக்கு அப்புறம் புதுசு பதினேழே பதினேழு சீட்டுதான்ப்பா! அதை மட்டும் எடு!" என்றது கணினி.

கடைசியாகக் குழந்தையின் சீட்டு கேபிளைத் தாண்டியதும் கரண்ட் போயிற்று.

மூடிய அறையின் இருட்டில் பெட்டி மெதுவாகக் கேட்டது. "கேபிள் அண்ணே, உடம்பு ரொம்ப வலிக்குதா?"