கைக்குட்டையில் ஒரு முடிச்சு
பினாங்கு ஜெட்டிக்கு எதிரே இருக்கும் கப்பல் ஆபீசில் சனிக்கிழமை வெயில் மேசைவரைக்கும் ஏறிவிட்டது. கணக்கெழுதும் கிராணி சூசைநாதன் கைக்குட்டையை விரித்து வைத்திருக்கிறார். தவணை உள்ள வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. முடிந்ததை வாரக் கடைசியில் சரிபார்த்து அவிழ்ப்பது அவர் வழக்கம். ஜாதிக்காய் மூட்டைகள் கப்பல் ஏறிவிட்டன, அவிழ்க்கிறார். துரையின் பெட்டிகள் சிங்கப்பூர் போய்விட்டன, அவிழ்க்கிறார். மூலையில் ஒரு முடிச்சு மிஞ்சுகிறது. எதற்குப் போட்டது? விரலால் உருட்டுகிறார், முகர்ந்துகூடப் பார்க்கிறார்; ஒன்றும் பிடிபடவில்லை. துரைக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார். தலைக்கு மேல் பங்கா கிறீச்சிடுகிறது, சட்டைக் கழுத்து வேர்வையில் ஊறுகிறது. ஜன்னலுக்கு வெளியே, காலையில் பார்த்த அதே பெண், தகரப் பெட்டியின்மேல் கைக்குழந்தையோடு வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகக் காலையிலேயே பரிதாபப்பட்டாயிற்று. பார்வையை முடிச்சுக்குத் திருப்புகிறார். காவல்கார பஷீர் உள்ளே வருகிறான். “பாவம்லா அந்தப் பொண்ணு! நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தவளை, அம்மை பார்க்கணும்னு ஜெரஜா தீவுல அடைச்சு வச்சு, இன்னிக்குத்தான் விட்டாங்களாம். புருஷன் அக்கரையில, பிறை ஊர்த் தோட்டத்துல வேலை. அவனோட கூட்டாளி வந்து கூட்டிப்போவாராம்.” “யாராம்?” சூசைநாதனின் விரல் நின்றுவிடுகிறது. “உங்க பேரைத்தான் சொல்லுது, அண்ணே.” வெளியே அவள் முந்தானையைக் குழந்தையின் தலைமேல் இழுத்துவிட்டு, வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிறாள்.