செவலைக் கிடா கேட்ட கேள்வி

செவலைக் கிடா வரிசையாக மூன்று கிடாமுட்டில் தோற்றுப்போனது. "அதோட காலம் முடிஞ்சுது" என்று பட்டி ஆடுகள் பேசிக்கொண்டன. செவலைக்கு மனம் ஆறவில்லை. கடைசியாகத் தன்னைச் சாய்த்த இளம் கருங்கிடாவிடமே போய்க் கேட்டது.

"தம்பி, மறைக்காம சொல்லு. இனிமே என்னால ஜெயிக்க முடியுமா?"

"முட்டுல பலம் அப்படியேதான் இருக்குண்ணே. ஓடி வர்றப்ப பாதியில கால் தயங்குது."

செவலை தலையைத் தாழ்த்திக்கொண்டது. "போன தடவை விழுந்தது ஞாபகம் வந்துடுதுடா."

"உங்களைப் பார்த்தா எனக்கும்தான் பயமா இருக்குண்ணே. பயந்துக்கிட்டே ஓடி வந்துடறேன்."

அடுத்த கிடாமுட்டிலும் இரண்டும்தான் மோதின. செவலை எங்கும் தயங்காமல் ஓடி வந்து முட்டியது. ஆனாலும் தோற்றது.

ஜெயித்த கருங்கிடா நிற்க முடியாமல் தள்ளாடியபடியே, "அண்ணே, அடுத்த தடவை வேற யாரோடயாவது முட்டுங்கண்ணே" என்று கெஞ்சியது.

அன்று சாயங்காலம் செவலை வயிறார மேய்ந்தது.