தவளைத் தூண்டிலுக்கு லைன்

புத்தூரில் பிரபாகரின் தூண்டில் கடைக்கு, நகரியிலிருந்து வந்திருந்தாள் தறி ஓட்டும் தனபாக்கியம்.

"ரப்பர் தவளைய தண்ணி மேல தத்தவுட்டு விரால் புடிப்பாங்களே நைனா, அதுக்கு ராடும் லைனும் குடு. என் பையனுக்கு."

"அதுக்கு விறைப்பான ராடுதாம்மா வேணும். லைன்ல இந்தப் பின்னல் லைன எடுத்துக்கோ, தண்ணியில மெதக்கும். அம்பது பவுண்டு தாங்கும்."

அவள் லைனை விரல்களில் சுற்றி, பாவு நூலைச் சோதிப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தாள். விரல்தான் சிவந்தது.

"இது வேணாம். வேற குடு."

"இன்னாம்மா, இதுல சேலையா நெய்யப்போற?" என்று சிரித்தபடி எண்பது பவுண்டு லைனைக் கொடுத்தான். இழுத்துப் பார்த்து அதையும் தள்ளினாள்.

சலித்துப்போன பிரபாகர், சின்னக் கெண்டை பிடிக்கிற மெல்லிய நைலானைத் தூக்கிப் போட்டான். ஒரே இழுப்பில் அறுந்தது.

"இதக் குடு."

"அய்யோ! விரால் தாமரைக்கொடிக்குள்ள பூந்துச்சுன்னா பட்டுனு அறுந்துடும்மா. மீனும் போச்சு, தவளையும் போச்சு. உன் புள்ள உன்னத்தான் திட்டுவான்."

"திட்டட்டும். போகாதடான்னா சின்னவன் கேக்கமாட்டேங்கறான்."

தனபாக்கியம் நைலானைப் பையில் வைத்தாள்.

"பெரியவன் உன்கிட்டதான் பின்னல் லைன் வாங்கினான் நைனா. தவளை கொடியில மாட்டிக்கினு வரலன்னு ஏரியில எறங்கினான். லைன் ரெண்டு காலையும் சுத்திக்கிச்சு. கத்தியால அறுத்துத்தான் பொணத்த வெளிய எடுத்தோம்."