திமிங்கிலத்தின் பட்டினி

பனிமலைகள் உருகிப் பின்வாங்கிய காலத்தில், அவை அழுத்தி உண்டாக்கிய பள்ளத்துக்குள் ஒரு கடல் வந்து நிறைந்தது. அதில் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் சந்தோஷமாக வாழ்ந்தது. ஒருநாள் அதன் வயிறு தரையில் உரசியது.

"ஐயையோ, பருத்துவிட்டேனே!" என்று கூச்சப்பட்டு, சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் இன்னும் பலமாக உரசவே, மீன் பக்கமே திரும்பவில்லை.

கரையிலிருந்து நீந்தி வந்த கடல்நாய் பதறிப்போனது. "என்ன அண்ணே, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க?"

"கேலி பண்ணாதே தங்கச்சி. வயிறு தரையைத் தட்டுது."

"அட, நீங்க பருக்கலை! பனிப்பாரம் போனதிலிருந்து தரைதான் மேலே எழும்பிக்கிட்டே வருது. நான் படுக்கிற பாறையெல்லாம் தண்ணியை விட்டு எங்கேயோ போயிடுச்சு. பெருங்கடலுக்குப் போற வழி அடைபடறதுக்குள்ளே கிளம்புங்க!"

இரண்டும் விரைந்தன. வழி ஏற்கெனவே ஒடுங்கிக் கிடந்தது. கடல்நாய் சுலபமாகப் போய்விட்டது. திமிங்கிலம் மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்தது. இருபுறமும் பாறை சிராய்த்தது. பட்டினியால் மெலிந்த உடம்பு மயிரிழையில் வெளியே வந்து விழுந்தது.

எதிரே பெருங்கடல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மீன் கூட்டம்.

"தங்கச்சி, நீ முன்னாலே போ," என்றது திமிங்கிலம். "நான் சாப்பிட்டுட்டு வர ரொம்ப நேரமாகும்."