பதினெட்டாம் நம்பர் வீடு

"பதினெட்டைத் தூக்கிடலாம் சார்... யோசிக்கவே வேணாம், தாராளமா தூக்கிடலாம்!"

ஜன்னல் கட்டையில் அரசாங்க இன்ஜினியர் வைத்துவிட்டுப் போன காலி டம்ளரை எடுக்க வந்த வீட்டுக்காரி, அவர் வாசலில் நின்று போனில் பேசியதைக் கேட்டதும் டம்ளரை அப்படியே விட்டுவிட்டாள். பதினெட்டு அவர்கள் வீட்டு நம்பர்.

துறைமுகத் தெரு முழுக்க வெள்ளைக்காரன் காலத்து வீடுகள். கடல் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வர, எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று அரசாங்கம் லிஸ்ட் எடுக்கிறது. லிஸ்ட்டில் இல்லாத வீட்டை இடித்துவிடுவார்கள்.

உள்ளே ஓடினாள். அவள் கணவர், தெருவுக்கே தையல்காரர், மிஷின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்குள் ஏறும் தண்ணீரை டேப்பால் அளந்து, சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு வைக்கிற மனுஷர்.

"ஏங்க, லிஸ்ட்டுலேர்ந்து நம்ம வீட்டைத் தூக்கிட்டாங்க!"

"யாரு சொன்னா?"

"அந்த இன்ஜினியர்தான். என் ரெண்டு காதாலயும் கேட்டேன். படுபாவி, நம்ம வீட்டுக் காப்பியையே குடிச்சிட்டு இப்படிப் பண்ணிட்டானே!"

தையல்காரர் கடைசிச் செங்கல்லையும் வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலியை மிஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். ஆட்கள் குனிந்து சுவரின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"இந்தா பாருங்க தம்பி," என்று தையல்காரர் குரலை உயர்த்தினார். "நான் பொறந்தது இந்த வீட்டுல. என் பொண்ணு பொறந்ததும் இங்கேதான். மொதல்ல என்னைத் தூக்குங்க, அப்புறமா வீட்டைத் தூக்குங்க!"

"என்னையும்தான்!" என்று அவளும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜினியர் திருதிருவென்று விழித்தார். மிஷின் காலடியில் இருந்த செங்கல்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குங்கய்யா தனித்தனியா? நீங்க மிஷினுக்குப் பண்ணினதைத்தான் நாங்க வீட்டுக்குப் பண்ணப் போறோம். நீங்க பாட்டுக்கு உட்கார்ந்து தைச்சுக்கிட்டு இருங்க, அடியில ஜாக்கி வெச்சு உங்க ரெண்டு பேரையும் சேர்த்தே அஞ்சு அடி தூக்கிடறோம்!"

"அப்பாடா!" என்று நாற்காலியை விட்டவள், "தம்பி, இன்னொரு காப்பி போடட்டுமா?" என்றாள்.