மூன்றாம் முறையும் அறுபத்தொன்று

மதிய வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்ட அறை. விளக்குப் பலகையின் மேல் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடு. நெகட்டிவ் என்பதால் அதில் நட்சத்திரங்கள் கடுகைச் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகளாகக் கிடக்கின்றன. எண்ணுகிறவள் பூதக்கண்ணாடி மேல் குனிந்து, உதடு அசைய, கட்டம் கட்டமாக எண்ணுகிறாள். எந்தத் திசையில் எத்தனை என்று எண்ணித்தான் பால்வீதியின் வடிவத்தை வரைகிறார்கள். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், நடுவே தூசி மேகம் மறைக்கிறது என்று அர்த்தம். எதிர் நாற்காலியில் முன்பு இன்னொருத்தி இருந்தாள். இவள் எண்ணியதை அவள் சரிபார்ப்பாள். இப்போது அதில் இவளுடைய குடைதான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த அறையில் இயக்குநர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் போனில் பேசுகிறார்: “புது மேகம் சார்! இந்த வருஷம் அந்தப் பக்கம் மட்டும்தான் எடுத்தோம், எடுத்த தகடு எல்லாத்துலயும் குறையுது. அந்தம்மா எண்ணினா தப்பவே தப்பாது.” அவள் நிமிரவில்லை. விளக்கின் மேல் இருப்பது புதுத் தகடு அல்ல. பதினாறு வருஷத்துக்கு முன் அவளே எண்ணிய பழைய தகடு. நோட்டில் இந்தக் கட்டத்துக்கு நேரே அவள் கையெழுத்தில் எண்பத்துமூன்று என்று இருக்கிறது. இன்று மூன்றாம் முறையும் அறுபத்தொன்றுதான் வருகிறது. கண்ணாடியில் பதிந்த புள்ளிக்குக் கால் முளைத்தா ஓடிவிடும்? கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள். குடையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு எண்பத்துமூன்றுக்குக் கீழே, அதே கையெழுத்தில், அறுபத்தொன்று என்று எழுதுகிறாள். “சார்,” என்று குரல் கொடுக்கிறாள், “போனை வச்சிட்டு இங்க வாங்க. அங்க மேகமெல்லாம் இல்ல.”