பட்டிக் கேமராவின் விலாசம்

"எவனோ என் விலாசத்தைக் கெடுத்து வச்சிருக்கான்" என்று ஆட்டுப்பட்டிக் கேமரா காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்தது. சினையாடு வலியில் கத்துகிறது. வெளியூர் போன ஆட்டுக்காரி பூவாத்தா மணிக்கொரு தரம் போனில் கேமரா வழியே பட்டியை எட்டிப் பார்ப்பவள், இன்று ஆளையே காணோம்.

அதன் சந்தேகம் முதலில் ரௌட்டர் மேல் விழுந்தது.

"என்னை ஏன் முறைக்கிற? கரண்ட் போய் வந்ததும் இன்டர்நெட் கம்பெனிக்காரன் நமக்குப் புது விலாசம் கொடுத்தான். வெளியே இருந்து வர்றவங்க நம்மளைத் தேடுற பெயர்ப் பதிவேட்டுல, நம்ம பேருக்கு நேரே அதை மாத்தி எழுதுறது வீட்டுக் கணினிக்குள்ள இருக்கிற கட்டளையோட வேலை. அவனைக் கேளு" என்றது ரௌட்டர்.

கட்டளை நெஞ்சை நிமிர்த்தியது. "அப்பவே எழுதிட்டேன் அண்ணே. சரின்னு பதிலும் வந்துச்சு."

"சரின்னு எவனும் சொல்லுவான். எந்த விலாசத்தை எழுதின?"

"ரௌட்டர் அண்ணன் வீட்டுக்குள்ள நம்மளைக் கூப்பிடுற நம்பரைத்தான்."

கேமராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குள்ள கூப்பிடுற நம்பரை வச்சு வெளியூர்க்காரி எப்படிடா வந்து சேருவா? குட்டியோட கால் தெரியுது. இப்பவே வெளியே போ. வெளியே இருக்கிறவங்களுக்கு நம்ம விலாசம் என்னன்னு தெரியுதுன்னு கேட்டு, நீ எழுதினதை அடிச்சுட்டு அதை எழுது. உன் சரி எனக்கு வேண்டாம், பூவாத்தா எட்டிப் பார்க்கணும்."